அத்தே வர்ற தேதி

சிட்டிபாபு அன்னிக்குக் காலையில பல்லு தேச்சிக்கினே ஒரு சபதம் போட்டான். சபதம் போடுறவன் வாயக் கொப்புளிச்சிட்டுப் போட்டா இன்னா கொறஞ்சா போயிடுவான்? நொர தள்ள நின்னுக்கினு சொன்னான்.

"இந்தா பிரவீனா, உங்கம்மா வரக்கூடாதுன்னு நான் சொல்லல. தாராளமா வரட்டும். ஆனா எங்க சாப்ட்வேரு ரிலீசு ஆவட்டும். அது வரைக்கும் வூட்ல ஒரு ஈ கத்தக்கூடாது."

பிரவீனா தையக்காரி. பிளவுஸ் துணிய வெட்டிக்கினு இருந்தா. கத்திரிக்கோல நிறுத்தாமயே கேட்டா.

"எப்போ ரிலீசு?"

"வர்ற பதினஞ்சாந்தேதி."

"நெசமாவா?"

"கம்பெனியே அறிவிச்சிட்டாங்கம்மா. கலர் கலரா படம் போட்டு அறிவிச்சிருக்காங்க."

படம் போட்டுட்டா நெசம்தானே? பாவம், நம்பிட்டா. காலண்டர்ல வட்டம் போட்டா. அம்மா இருக்கற கூரம் கிராமத்துக்குப் போன் போட்டு, "யம்மா, பதினாறாந்தேதி வந்துடு, மாப்ளயே சொல்லிட்டாரு"ன்னா.

அந்தம்மா பேரு எல்லம்மாள். கூரத்துல ஒண்டியா இருக்குது. ஒண்டின்னா நெசமான ஒண்டி இல்ல, ஆடுங்க இருக்குது. ஒவ்வொரு ஆட்டுக்கும் பேரு வச்சிக் கூப்புடும். அதுல ஒரு மொரட்டுக் கெடாவுக்கு மாப்ள பேர வச்சிருக்குதுன்னு ஊருல பேச்சி. நெசமா பொய்யான்னு கெடாவத்தான் கேக்கணும். ஆடு பெருசில்ல. கண்ணுதான் பெருசு. ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்து, எதிர்ல வர்றது பஸ்ஸா மாடான்னு தெரியாம கையக் காட்டுது. மாடு நிக்கவா போவுது?

டாக்டரு பாத்துட்டு, "மழ புடிக்கிறதுக்குள்ள ஆபரேசன் பண்ணிடணும், அப்புறம் ஒரு மாசம் வேளாவேளைக்கு மருந்து வுடணும்"னுட்டாரு. கூரத்துல யாரு வுடுவா? கெடாவா வுடும்? பொண்ணு வூடு காஞ்சிபுரத்துல. ஆஸ்பத்திரியும் காஞ்சிபுரத்துல. வந்து இருக்க வேண்டியதுதானே?

அங்கதான் வம்பு. எல்லம்மாளுக்கு ஒரு ஞாயம் இருக்குது. பொண்ணு கூப்புட்டான்னு பொண்ணு வூட்ல போய் தங்கக்கூடாது. மாப்ள வாசப்படியில நின்னு, தன் வாயால, "வாங்க அத்தே"ன்னு கூப்புடணும். போன்ல கூப்புட்டா செல்லாது. வாட்சப்புல பூ போட்டு அனுப்புனா செல்லவே செல்லாது. மாப்ள இல்லாத நேரம் பாத்து வந்துட்டா, வெளியவே நின்னு ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, அடுத்த பஸ்ஸுல ஏறிடும். அவங்க வம்சமே அப்படி. அவங்க பாட்டி ஒருத்தி, மாப்ள சந்தைக்குப் போயிருக்கான்னு வெய்யில்ல நின்னு நின்னு மயங்கி விழுந்தாளாம். விழும்போதும் வாசப்படிக்கு வெளிப்பக்கமாத்தான் விழுந்தாளாம். அவ்ளோ மானம். அத வுடு, இவன் கதைக்கு வருவோம்.

ஏன் இவனுக்கு மாமியா வரக்கூடாது? அந்தம்மா திட்டாது, சண்ட போடாது, பொண்ண ஏத்தி வுடாது. அப்படியிருந்தா சமாளிச்சிடலாமே. அதுக்குப் பாசம் ஜாஸ்தி. பாசத்துக்கு மருந்து கெடயாது.

சிட்டிபாபுவுக்கு வேல மெட்ராஸ் கம்பெனியில. ஒக்காந்து செய்யறது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வூட்ல. கேமராவுக்கு மேல சட்ட, கேமராவுக்குத் தெரியாத எடத்துல லுங்கி. போன தரம் எல்லம்மாள் வந்திருந்தப்போ, இவன் பெரிய மனுசங்களோட மீட்டிங்ல பேசிக்கினு இருக்கான். பின்னால வந்து எட்டிப் பாத்துது.

"இதுல தினேசு யாரு?"

அந்த தினேஷ்தான் இவனுக்கு மேனேஜரு. சின்னப் பையன். "நான்தாங்கம்மா"ன்னுட்டான் மரியாதையா.

"ஏந்தம்பி, ஞாயித்துக்கிழம கூட எங்க மாப்ளய போட்டு பிழிஞ்சி எடுக்குறியே, ஒனக்குப் பொண்டாட்டி புள்ள இல்லயா?"

"இன்னும் கல்யாணம் ஆவலீங்க."

"அதான் பாத்தேன்! வூட்ல கேக்க ஆளில்ல, அதான் ஊரு புள்ளைய தூங்க வுடமாட்டற. எங்க கூரத்துல ஒரு பொண்ணு இருக்குது, பல்லு மட்டும் கொஞ்சம் முன்னால..."

மீட்டிங்ல இருந்த அத்தினி பேரும் மைக்க அணைச்சிட்டு சிரிச்சாங்க. ஒருத்தன் மட்டும் அணைக்க மறந்துட்டான். அன்னியிலருந்து கம்பெனியில இவனுக்குப் பேரு சிட்டிபாபு இல்ல, "மாப்ள". சம்பளச் சீட்டுல மட்டுந்தான் இன்னும் மாத்தல. அதனாலதான் இந்த சபதம்.

சரி, பதினஞ்சாந்தேதி வந்துது. சாப்ட்வேரு வரல.

"சின்ன பிரச்சன பிரவீனா. முந்தானி தப்பான தோள்ல விழுது."

அது இன்னா சாப்ட்வேருன்னு சொல்லலயே. பட்டுக்கடைங்களுக்குச் செய்யறாங்க. கடையில டிவி மாதிரி ஒண்ணு எதிர்ல போய் நின்னா, பொடவய கட்டிப் பாக்காமயே கட்டின மாதிரி காட்டும். நல்ல யோசனதான். ஆனா அது முந்தானிய வலது தோள்ல போட்டுது. கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுதாம், அதனாலயாம். கடக்காரரு கையெடுத்துக் கும்புட்டுட்டாரு: "யப்பா, கல்யாணப் பொண்ணுக்கு இப்படி காட்டினா பொண்ணோட அம்மா என் கடையவே எரிச்சிடும்." அத சரி பண்ணாங்க. முந்தானி எடது தோளுக்கு வந்துடுச்சி. பொடவ மட்டும் பொண்ண வுட்டுட்டு, பக்கத்துல நின்ன புருசனுக்குக் கட்டிக்கிச்சி. மீசையும் அரக்குக் கலரு பட்டுமா அந்தாளு அம்சமாத்தான் இருந்தாராம்.

ரிலீசு தமிழ் வருசப் பொறப்புக்குத் தள்ளிச்சி. அப்புறம் வைகாசி கருட சேவைக்கு. கருட சேவையும் வந்துது, வரதரு கருடன் மேல ஏறி கோபுர வாசலுக்கு வந்து, ஊரெல்லாம் சுத்திட்டு, கோயிலுக்கும் திரும்பிட்டாரு. இவன் சாப்ட்வேரு கெளம்பல.

பிரவீனாவுக்குப் பொறும போச்சி.

"ஏம்பா, அத்திவரதரு நாப்பது வருசம் தண்ணிக்குள்ள படுத்திருந்தாரு. சொன்ன வருசத்துல கரெக்டா எழுந்து வெளிய வந்தாரா இல்லயா?"

"சாமிக்கு டெஸ்டிங் கெடயாது பிரவீனா."

"உங்க கம்பெனியில பண்ற டெஸ்டிங்குக்கு அவரு தண்ணிக்குள்ளயே இருந்திருக்கலாம்."

"இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. தேதின்னா ஆடிக்கு வரும்னா ஆடிக்கு வந்துடும்னு அர்த்தமில்ல. ஆடிக்கு முன்னாடி வராதுன்னு அர்த்தம்."

"இத எங்கம்மா கண்ணுகிட்ட போய் சொல்லு."

சிட்டிபாபு குளிக்கப் போயிட்டான். ஆம்பளைங்க பதில் கெடைக்காதப்போதான் ரொம்ப நேரம் குளிப்பாங்க, கவனிச்சிப் பாருங்க.

இடுப்புல துண்டோட வெளிய வர்றான், வூட்டுக்குள்ள தினேஷோட கொரல் கேக்குது. இவனோட போன எடுத்து பிரவீனா ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருக்கா.

"தம்பி, பொய் சொல்லாம சொல்லு. அந்த சாப்ட்வேரு எப்போ வரும்?"

"அக்கா, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். நாங்க சொல்ற தேதிய நாங்களே நம்பறதில்ல."

"பின்ன ஏம்பா சொல்றீங்க?"

"சொல்லலன்னா எப்போன்னு கேப்பாங்க. சொல்லிட்டா அந்தத் தேதி வரைக்கும் கேக்கமாட்டாங்க, அவ்ளோதான். உங்கம்மாவ கேட்டதா சொல்லுங்க. அந்தப் பல்லு பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

பிரவீனா போன வச்சிட்டு இவன ஒரு பார்வ பாத்தா. போய் மிஷின்ல ஒக்காந்து தைக்க ஆரம்பிச்சிட்டா. அவ கத்தியிருந்தா இவனுக்கு நிம்மதியா இருந்திருக்கும். கத்தாத பொண்டாட்டி ஒரு தினுசான ஆபத்து.

அந்த வாரத்துலயே சிரிச்ச மொகமா வந்து சொன்னா. "அம்மா வர்ற ஞாயித்துக்கிழம வருது."

"ரிலீசுக்கப்புறம்னு சொன்னேனே!"

"அது வர்றப்போ வரட்டும். இது ஞாயித்துக்கிழம காலையில பத்து மணிக்கு."

சிட்டிபாபு மனசுக்குள்ளயே சிரிச்சிக்கினான். கூப்புடறதுக்கு மாப்ள வூட்ல இருந்தாத்தானே? ஞாயித்துக்கிழம விடிஞ்சதும், "ஆபீசுல அவசரம்"னு லேப்டாப் பைய மாட்டிக்கினு கெளம்பிட்டான். ஆபீசுக்கா போனான்? வரதராஜ பெருமாள் கோயிலுக்குப் போய், நூறுகால் மண்டபத்துக்கிட்ட நெழல் பாத்து ஒக்காந்துக்கினான். வடநாட்டுக்காரங்க கூட்டம் ஒண்ணு, அவன கைடுன்னு நெனச்சி சுத்திக்கினு இந்தியில கேள்வி கேட்டுது. கோயில் இட்லிய வாங்கி வாங்கி துன்னான். அங்க இருக்கற தங்கப் பல்லிய தொட்டுட்டு வந்தான், எதுக்கும் இருக்கட்டும்னு. சாயங்காலம் பூன மாதிரி வூட்டுக்கு வந்தான்.

"அத்தே வந்துட்டுப் போயிட்டாங்களா? அடடா, பாக்க முடியாம போச்சே."

"வரவேயில்லபா. ஆடு குட்டி போடுதாம். புதன்கிழமைக்குத் தள்ளிப்போச்சி."

ஒரு நாள் வீணா? போனாப் போவுது. புதன்கிழம லீவு போட்டுட்டு ஓரிக்கை பக்கம் பாலாத்து மணல்ல போய் ஒக்காந்தான். ஆத்துல தண்ணியில்ல, நெழலும் இல்ல. ஒரு நாயி மட்டும் வந்து எதிர்ல குந்திக்கினு, உன்ன எந்தத் தெருவுலருந்து தொரத்தி வுட்டாங்கன்னு கேக்கற மாதிரி பாத்துது. மூக்கு தோலு உரிஞ்சி வூட்டுக்கு வந்தான்.

"வந்தாங்களா?"

"கெளம்பி, பஸ்ஸு ஏறி, பாதி வழியில எறங்கித் திரும்பிடுச்சி. அடுப்ப அணைச்சமா இல்லயான்னு சந்தேகம் வந்துடுச்சாம். சனிக்கிழம கண்டிப்பா."

சிட்டிபாபுவுக்குப் புத்தியில ஏதோ மணி அடிச்சிது. இந்த மாதிரி சேதி எங்கயோ கேட்ட மாதிரி இருக்குதே? ஆனாலும் சனிக்கிழமயும் ஓடினான். இந்தத் தரம் எங்க போறதுன்னு தெரியாம, ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ்ஸு ஏறி, எறங்காம அதே பஸ்ஸுல திரும்பி, திரும்பவும் போயி, திரும்பவும் வந்தான். கண்டக்டரு பாவம், பெரிய மனசு. "வூட்ல சண்டயா சாரு?"ன்னு கேட்டு, தன் வேர்க்கடலையில பாதிய குடுத்தாரு.

வூட்டுக்கு வந்து பாத்தா, கூடத்துல வொயர்ல பின்னின கூட ஒண்ணு. அதுல எல்லம்மாளோட பொடவ ரெண்டு, வெத்தலப் பொட்டி, தலகாணி ஒண்ணு. சிட்டிபாபு ரெண்டு அடி பின்னால வச்சிக் கேட்டான்.

"வ... வந்துட்டாங்களா?"

"இல்லபா. கூடய மட்டும் பஸ்ஸுல குடுத்து வுட்டுது. அம்மா வர்ற வெள்ளிக்கிழம பின்னாலயே வருதாம்."

கூடய பாத்தான். தலகாணிய பாத்தான். சிரிக்க ஆரம்பிச்சிட்டான். வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சான். அவனுக்கு எல்லாம் வெளிச்சமாயிடுச்சி. ஆயிரந்தான் இருந்தாலும் இது அவன் தொழிலாச்சே!

"பிரவீனா, ஒக்காரு. உனக்கு ஒரு பாடம் சொல்றேன். மொதல்ல ஒரு தேதி. அப்புறம் தள்ளிப்போன தேதி. அப்புறம் பாதி வந்துட்டுத் திரும்பிப் போறது. அப்புறம் வாயடைக்கிறதுக்கு இந்த மாதிரி ஒரு கூட. இதுக்குப் பேரு டெமோ. டெமோ வந்துதுன்னா அசலு இன்னும் அர வருசத்துக்கு வராதுன்னு அர்த்தம்."

"அப்படியாபா?"

"எத்தினி பாத்திருக்கேன்! கடக்காரங்களுக்கு நாங்க காட்டறது பூரா தலகாணிதான்."

"இல்லபா, வெள்ளிக்கிழம பத்து மணிக்கு வந்துடுவேன்னு சத்தியம் பண்ணுது."

"சத்தியம் வேற பண்ணிட்டாங்களா? அப்போ ஒரு வருசம் ஆவும். உங்கம்மா வரமாட்டாங்கம்மா. நான் எழுதித் தர்றேன்."

பிரவீனா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினா. சிட்டிபாபுவுக்கே மனசு கேக்கல. "பாவம், பெத்த அம்மாவையே நம்ப முடியாம போச்சே"ன்னு அவளுக்கு டீ கூட போட்டுக் குடுத்தான். கல்யாணமாயி மொத டீ. பிரவீனா அத குடிச்சது கூட பெருசில்ல, சிரிக்காம குடிச்சா பாருங்க, அதுதான் பெருசு.

வெள்ளிக்கிழம வந்துது. இவன் எங்கயும் ஓடல. எதுக்கு ஓடணும்? கிழிஞ்ச பனியனும் லுங்கியுமா, தொடையில முறுக்கு டப்பாவ வச்சிக்கினு, லேப்டாப்ப தொறந்து ராஜா மாதிரி ஒக்காந்திருந்தான். மாமியா கூடயிலருந்து அந்தத் தலகாணிய எடுத்து முதுவுக்கு முட்டுக் குடுத்துக்கினான்னா பாத்துக்கோயேன்.

கதவு தட்டுற சத்தம்.

"தண்ணி கேன் போடுற பையனா இருக்கும்பா. கையில மாவு, போய் தொற."

வாயில முறுக்கோட போய் தொறந்தான்.

தண்ணி கேனு இல்ல. எல்லம்மாள். இடுப்புல கைய வச்சிக்கினு, வாசப்படிக்கு அந்தப் பக்கம், தூணு மாதிரி. பக்கத்துல கையப் புடிச்சிக்கினு அடுத்த வூட்டு ஏஞ்சலு. பின்னால ஆட்டோக்காரன். அதுக்குப் பின்னால, வெள்ளிக்கிழம காலையில ஒரு சோலியும் இல்லாத பாதித் தெரு. எல்லாரும் சிட்டிபாபு வாயவே பாத்துக்கினு நிக்கறாங்க.

கண்ணு தெரியாத பொம்பள, மாப்ள எந்தப் பக்கம் நிக்கறாருன்னு தெரியாம, கதவு நெலையப் பாத்து சிரிச்சிது.

"மாப்ள... இருக்கீங்களா?"

அந்த ஒரு நிமிசம் சிட்டிபாபுவுக்கு உள்ளுக்குள்ள இன்னா ஆச்சோ. முறுக்கு தொண்டையில எறங்குச்சி. வாயி தானா தொறந்துக்கிச்சி.

"வாங்க அத்தே."

"இன்னொரு தரம் சொல்லுங்க மாப்ள. காது நல்லாத்தான் இருக்குது, இருந்தாலும் கேக்க நல்லாருக்குது."

"வாங்க அத்தே, உள்ள வாங்க." சொன்னதோட வுடல, கையப் புடிச்சிப் படியேத்தியும் வுட்டான். தெருவே பாத்துது. ஏஞ்சலு கண்ணத் தொடச்சிக்கினா.

உள்ள போனதும் பிரவீனாவ ஓரங்கட்டினான்.

"உங்கம்மா கெளம்பாம கெளம்பாம இன்னிக்கி எப்படி கெளம்புனாங்க?"

"அம்மா எப்போ கெளம்புச்சி? இன்னிக்கித்தான் மொத தரமா கெளம்புது. நாளைக்குக் காலையில ஆபரேசன்."

"அந்த ஆடு குட்டி போட்டது? அடுப்பு?"

"கெடா எங்கயாச்சும் குட்டி போடுமா? அம்மாகிட்ட இப்போ இருக்கறது பூரா கெடாதான். யப்பா, நான் பிளவுஸ் தைக்கிறவ. தேதிய மூணு தரம் தள்ளிப்போட்டா கஷ்டமரு நாலாவது தேதிய நம்பவும் மாட்டா, வூட்ட வுட்டு நகரவும் மாட்டா. உங்க கம்பெனி நேத்து தொறந்துது. தையக்கட எவ்ளோ காலமா இருக்குது?"

சிட்டிபாபு மனசுக்குள்ள கணக்குப் போட்டான். சரி, ஆனது ஆச்சி. கண்ணு ஆபரேசன். ஒரு மாசம் மருந்து. பல்லக் கடிச்சிக்கினு ஒரு மாசம் ஓட்டிட மாட்டமா? நல்லா யோசிச்சிப் பாத்தா, அந்தக் கதவு நெலையப் பாத்து சிரிச்ச சிரிப்பு அவனையும் கொஞ்சம் இன்னாமோ பண்ணிட்டுதான் இருந்துது. கூடத்துக்கு வந்து, மொகத்த இனிப்பா வச்சிக்கினு கேட்டான்.

"அத்தே, ஒரு மாசம் மருந்து வுட்டதும் ஆடுங்கள பாக்க ஊருக்குப் போயிடுவீங்க இல்ல?"

"அதெப்படி மாப்ள போவேன்? ஏஞ்சலு எல்லாம் சொல்லிச்சி. இவ்ளோ பெரிய வேலய கையில வச்சிக்கினு ஒண்டியா கஷ்டப்படறீங்களாமே. ஆடுங்கள பக்கத்துக் கழனிக்காரருகிட்ட ஒப்படச்சிட்டேன். அந்த இன்னாமோ ஒண்ணு, அது நல்லபடியா வெளிய வர்ற நாள என் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டுத்தான் கூரத்துக்குக் கெளம்புவேன். எப்போ வருது?"

வாயி பழக்கத்துல சொல்லிடுச்சி. "வர்ற பதினஞ்சாந்தேதி அத்தே."

பிரவீனா கைய அலம்பிட்டு வாசலுக்கு வந்தா.

"ஏஞ்சலக்கா, அம்மாவோட ரேஷன் கார்ட இந்த அட்ரசுக்கு மாத்தணும்னா எங்க போவணும்?"